நடப்பதா, உட்காருவதா: குளிர்காலப் பூங்காவில் பறவை பார்க்க எந்த வழி?

குளிர்காலத்தில் நகரப் பூங்காவுக்குப் பறவை பார்க்கப் போகலாம் என்று முடிவு செய்தவர்கள் முதலில் கேட்பது, "எந்த பைனாகுலர் வாங்கலாம்?" என்பதைத்தான். அதையும் சொல்கிறேன். ஆனால் அதற்கு முன்னால் முடிவு செய்ய வேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது. கையில் இருப்பது இரண்டு மணி நேரம் என்று வைத்துக்கொள்வோம். அதில் பூங்கா முழுக்கச் சுற்றி வருவதா, குளக்கரையில் ஓர் இடம் பிடித்து உட்காருவதா, இல்லை விவரம் தெரிந்த ஒரு குழுவோடு சேர்ந்துகொள்வதா? ஒரே பூங்காவுக்கு ஒரே காலையில் போன இரண்டு பேரில் ஒருவர் "ஒன்றுமே இல்லை" என்று திரும்புவதும், இன்னொருவர் எழுந்து வர மனமில்லாமல் இருப்பதும் பெரும்பாலும் இந்தத் தேர்வினால்தான்.

மூன்று வழியிலும் பல குளிர்காலங்கள் போய்ப் பார்த்திருக்கிறேன். என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: மற்ற மாதங்களில் நடங்கள், குளிர்காலத்தில் முதல் முக்கால் மணி நேரமாவது உட்காருங்கள். காரணம் பறவையிடம் இருக்கிறது. குளிரில் ஒரு சின்னப் பறவையின் நாள் எப்படிப் போகிறது என்று தெரிந்தால் மற்றது எல்லாம் தானாகப் புரிந்துவிடும்.

குளிரில் ஒரு குருவியின் கணக்கு

பத்துப் பன்னிரண்டு கிராம் எடையுள்ள ஒரு குருவியை எடுத்துக்கொள்ளுங்கள். உடல் எவ்வளவு சிறிதோ அவ்வளவு வேகமாகச் சூடு வெளியேறும். குளிர்கால இரவோ நீளமானது. அந்த இரவு முழுக்க உடம்புச் சூடு குறையாமல் பார்த்துக்கொள்ள, பகலில் சேர்த்த கொழுப்பை எரித்துக்கொண்டே இருக்க வேண்டும். கடுங்குளிர் அடிக்கும் ஓர் இரவில் இந்த அளவுள்ள பறவை தன் எடையில் பத்தில் ஒரு பங்கு வரை இழந்துவிடும். விடிந்ததும் முதல் வேலை அதை மீட்பது. அதற்குக் கிடைப்பது ஒரு குறுகிய பகல்தான். விடிந்த ஒரு மணி நேரத்துக்குக் குருவிகள் தலை நிமிராமல் கொத்திக்கொண்டிருப்பதும், பொழுது சாய்வதற்கு முன் மறுபடி அதே பரபரப்பு தொற்றிக்கொள்வதும் இதனால்தான். நடுவில் கிளையில் பந்துபோல உப்பி உட்கார்ந்திருப்பதும் சோம்பல் அல்ல. இறகுகளை உப்ப வைத்து, அவற்றுக்கிடையே காற்றை அடைத்து, அந்தக் காற்றைப் போர்வையாக்கிக்கொள்கிறது.

இந்தக் கணக்கில், தேவையில்லாமல் பறக்க நேரும் ஒவ்வொரு தடவையும் செலவுதான். கோடையில் ஒரு பறவையைத் தெரியாமல் கலைத்துவிட்டால் அது பத்தடி தள்ளிப் போய் வேலையைத் தொடரும். குளிர்காலத்தில் நாம் கலைப்பது அதன் சேமிப்பிலிருந்து எடுக்கிறது. இதை மனதில் வைத்துக்கொண்டுதான் வழியைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது என் பிடிவாதம்.

பனி விழாத, மிதமான குளிர் மட்டும் உள்ள ஊர்களில் கணக்கு இவ்வளவு கடுமையாக இருக்காது. அங்கே வேறொன்று நடக்கிறது. வடக்கே நிலம் உறைந்து இரை கிடைக்காமல் போன பறவைகள் அங்கே வந்து சேர்கின்றன. நெடுந்தூரம் பறந்து வந்த ஒரு கதிர்க்குருவியோ வாலாட்டியோ பூங்காவின் ஒரு மூலையைத் தனக்கென்று பிடித்துக்கொண்டு குளிர்காலம் முடியும் வரை அங்கேயே இருக்கும். அடுத்த வருடம் அதே மூலைக்கே திரும்பி வருவதும் உண்டு. ஒரு பறவை இடம் மாறாமல் இருக்கும்போது நாம் அதைத் தேடி அலைவதைவிட, அதன் இடம் எது என்று கண்டுபிடித்துக் காத்திருப்பதுதான் பலன் தரும்.

சுற்றி நடப்பது

நடையின் பலம் பரப்பு. குளம், புல்வெளி, புதர், பெரிய மரங்கள், குப்பை இலை மண்டிய ஓரங்கள் என்று ஒரு பூங்காவுக்குள் நாலைந்து விதமான இடங்கள் இருக்கும். ஒவ்வொன்றிலும் ஆள் வேறு. பட்டியல் நீள வேண்டும் என்பவருக்கு நடைதான் வழி. உடம்பும் சூடாக இருக்கும். பக்கத்தில் குழந்தை இருந்தால் நடையைத் தவிர வேறு யோசனையே வேண்டாம்.

குளிர்காலத்தில் நடப்பவருக்கு மட்டும் கிடைக்கும் பெரிய பரிசு கலப்புக் கூட்டம். இனப்பெருக்கக் காலத்தில் தனித்தனியாக எல்லை பிரித்துச் சண்டை போட்ட பறவைகள் குளிர்காலத்தில் இனம் பார்க்காமல் ஒன்றுசேர்ந்து இரை தேடும். இருபது நிமிடம் வெறும் கிளைகளைப் பார்த்துக்கொண்டே நடந்திருப்பீர்கள். திடீரென்று மெல்லிய "ஸீ, ஸீ" என்ற ஒலி. தலையைத் தூக்கினால் மரம் முழுக்க அசைவு. பட்டாணிக் குருவிகள் நுனிக்கிளைகளில் தலைகீழாகத் தொங்கும், ஒரு சின்ன மரங்கொத்தி நடுத்தண்டைச் சுற்றி ஏறும், அதற்கும் கீழே பட்டையின் நிறத்திலேயே ஒன்று எலிபோல ஊர்ந்து போகும். வெப்பமான ஊர் என்றால் அதே கூட்டத்தில் வெள்ளைக்கண்ணியும் மின்சிட்டும் இருக்கும். மற்றவை கலைத்துவிடும் பூச்சிகளைப் பிடிக்கக் கரிச்சான் ஒன்று பின்னாலேயே வரும். இரண்டே நிமிடம், மரம் மறுபடி வெறுமை. பல கண்கள் சேர்ந்து பார்த்தால் வல்லூறு வருவது முன்பே தெரியும், ஒவ்வொன்றும் தலை தூக்கிக் காவல் காக்கும் நேரம் குறையும், இரை தேடும் நேரம் கூடும். சேர்ந்து போவதன் லாபம் அதுதான். இந்தக் கூட்டம் உட்கார்ந்திருப்பவரைத் தேடி வந்தால் வரும். நடப்பவர் அதைப் போய்ச் சந்திக்க முடியும்.

இலை உதிரும் மரங்கள் உள்ள பூங்கா என்றால் நடைக்கு இன்னொரு காரணமும் உண்டு. கோடையில் மறைந்திருந்தது எல்லாம் இப்போது வெளியில். குச்சிகளால் பின்னிய காக்கைக் கூடு எது, இலைகளைத் திணித்து உருட்டிய அணில் கூடு எது என்று தரையில் நின்றே பிரித்துச் சொல்லலாம். மரங்கொத்தி குடைந்த வட்டத் துளை எந்தக் கிளையில் இருக்கிறது என்று இப்போது குறித்து வைத்துக்கொண்டால் வசந்தத்தில் தேட வேண்டியதில்லை.

சரி, குறை என்ன? நடப்பவர் பறவைகளைப் பார்ப்பதைவிட அவை அவரை முன்னதாகப் பார்த்துவிடுகின்றன. குளிர்கால மேலாடையின் கை உடம்போடு உரசும் சரசரப்பு நமக்குக் கேட்பதில்லை, பறவைக்குக் கேட்கும். காய்ந்த இலைமேல் வைக்கும் ஒவ்வோர் அடியும் அறிவிப்பு. ஒரு பறவை எச்சரிக்கைக் குரல் கொடுத்துவிட்டால் அடுத்த ஐம்பது அடிக்கு எல்லாம் அமைதியாகிவிடும். அந்த அமைதிக்குள் நடந்துவிட்டுத்தான் பலர் "பறவையே இல்லை" என்கிறார்கள்.

நடப்பது என்று முடிவு செய்தால் இரண்டு விஷயத்தை மட்டும் கடைப்பிடியுங்கள். பறவையை நோக்கி நேராகப் போகாதீர்கள்; அதைத் தாண்டிப் போகிறவர் மாதிரி பக்கவாட்டில் நடந்தால் நிறையப் பொறுத்துக்கொள்ளும். அப்புறம், பாதையை விட்டு இறங்காதீர்கள். நகரப் பறவைக்குப் பாதை எது, புல் எது என்பது நன்றாகத் தெரியும். பாதையில் நூறு பேர் போனாலும் அசையாமல் மேயும் தாழைக்கோழி, ஒருவர் புல்லில் கால் வைத்ததும் குளத்தை நோக்கி ஓடும்.

ஓரிடத்தில் உட்காருவது

எனக்குப் பிடித்தது இதுதான் என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

முதல் கேள்வி எங்கே என்பது. குளிர்காலத்தில் தண்ணீர்தான் சந்தை. குளம் உறையும் ஊராக இருந்தால் இன்னும் மேல். உறையாமல் மிஞ்சிய ஒரு துண்டுத் தண்ணீரில் மொத்தக் குளத்துப் பறவைகளும் நெருங்கி நிற்கும். நீர் வந்து விழும் வாய்க்கால், நீரூற்று, பாலத்தின் அடிப்பகுதி ஆகியவை கடைசியாக உறையும் இடங்கள். அங்கே உட்காருங்கள். குளிர்காலச் சூரியன் தாழ்வாகவே நகர்வதால் ஒளி நேராகக் கண்ணில் அடிக்கும். சூரியன் முதுகுக்குப் பின்னால் இருக்கிற கரையைத் தேர்ந்தெடுக்காவிட்டால் எல்லாப் பறவையும் கறுப்பாகத்தான் தெரியும். முதுகுக்குப் பின்னால் ஒரு புதரோ மரத்தண்டோ இருந்தால் நம் உருவம் வானத்தில் எழும்பித் தெரியாது. தண்ணீருக்கு மேல் நீட்டிய கிளையிலோ, அதற்குக் கீழே கல்லிலோ இலையிலோ வெள்ளை எச்சக் கறை தெரிந்தால் அதற்கு எதிர்க்கரையைப் பிடியுங்கள். மீன்கொத்தியோ நீர்க்காகமோ வழக்கமாக வந்து உட்காரும் இடமாக இருக்கலாம்.

முதல் பத்துப் பதினைந்து நிமிடம் ஒன்றும் நடக்காது. இதைச் சொல்லி வைக்காவிட்டால் புதிதாக வருபவர்கள் சரியாகப் பதினோராம் நிமிடத்தில் எழுந்துவிடுகிறார்கள். நாம் வந்து உட்கார்ந்ததில் கலைந்தது எல்லாம் திரும்பி வர அவ்வளவு நேரம் தேவை. அதற்கு அப்புறம் ஒவ்வொன்றாக வரத் தொடங்கும். முதலில் கரையோரம் வாலாட்டி, தரையைப் பார்த்து, ஓடி, நின்று, வாலை மேலும் கீழும் அசைத்து. பிறகு புதருக்குள் நின்றுவிட்ட தாழைக்கோழி. கடைசியாக, நம்மை ஒரு மரக்கட்டையாக ஒப்புக்கொண்ட பிறகு, வெட்கப்படும் பறவைகள்.

ஒரு காலையில் என் முன்னால் எட்டு அடித் தூரத்தில் ஒரு முக்குளிப்பான் எழுந்தது. கைப்பிடிக்குள் அடங்கும் அளவு, பின்புற இறகு பஞ்சை ஒட்டி வைத்தது போல. என்னைப் பார்த்ததும் ஒரு துளி சத்தமில்லாமல் உள்ளே போய்விட்டது. மனதுக்குள் எண்ணத் தொடங்கினேன். பதினைந்து வருவதற்குள் இடப்பக்கம் எழுந்தது, அலகில் விரல் நீளம்கூட இல்லாத ஒரு மீன் குறுக்காக. அதை விழுங்க அது பட்ட பாடு இருக்கிறதே! குறுக்காகப் பிடித்த மீனைச் சிறுசிறு உதறலில் அலகுக்குள்ளேயே திருப்பித் திருப்பி, தலை முன்னால் வரும் வரை விடவில்லை. வால் முதலில் போனால் துடுப்பும் செதிலும் தொண்டையில் குத்தும் என்பது அதற்குத் தெரியும். விழுங்கிவிட்டு இரண்டு முறை தண்ணீரை அள்ளிக் குடித்தது. அடுத்த முழுக்கு. அரை மணி நேரம் இதையே பார்த்தேன். நடந்துகொண்டிருந்தால் "முக்குளிப்பான், ஒன்று" என்று எழுதிவிட்டுத் தாண்டிப் போயிருப்பேன்.

வாத்துகளைப் பார்க்கவும் குளிர்காலமே சரியான நேரம். வடக்கு நாடுகளின் ஆண் வாத்துகள் பல, கோடையில் தங்கள் வண்ண இறகுகளை உதிர்த்துவிட்டுப் பெண் வாத்துபோல மங்கிய நிறத்தில் ஒளிந்து திரியும். இறக்கை இறகுகள் ஒரே சமயத்தில் உதிர்வதால் சில வாரம் பறக்கவும் முடியாது. குளிர் வரும்போது புது இறகு முளைத்து முழு அழகில் இருக்கும். ஜோடி சேர்வதும் இந்த மாதங்களில்தான் நடக்கிறது. பூங்காக்களில் அதிகம் காணும் பச்சைத்தலைக் காட்டு வாத்தையே கவனியுங்கள். நாலைந்து ஆண்கள் ஒரு பெண்ணைச் சுற்றி மிதக்கும். ஒன்று கழுத்தை வளைத்து, அலகால் தண்ணீரைச் சுண்டி, துளிகளைப் பெண் இருக்கும் பக்கம் தெறிக்கவிடும். கூடவே ஒரு சின்ன விசில். ஒரு நொடிக்குள் முடிந்துவிடும் இந்தக் காட்சி, உட்கார்ந்து பார்ப்பவருக்கு ஒரு காலையில் பத்து முறை கிடைக்கும்.

பனிக்கட்டிமேல் வெறுங்காலோடு நிற்கும் வாத்தைப் பார்த்து வருத்தப்படாத மனிதர் இல்லை. அதன் கால் உறையாததற்குக் காரணம் உள்ளே ஒரு நல்ல ஏற்பாடு. உடம்பிலிருந்து காலுக்கு இறங்கும் சூடான ரத்தக் குழாய்களும், காலிலிருந்து ஏறும் குளிர்ந்த ரத்தக் குழாய்களும் ஒட்டி ஒட்டி ஓடுகின்றன. இறங்கும் ரத்தம் தன் சூட்டை வழியிலேயே ஏறும் ரத்தத்திடம் கொடுத்துவிடுகிறது. பாதத்துக்குப் போய்ச் சேர்வது ஆறிய ரத்தம், திசு உறையாமல் இருக்கப் போதுமான சூட்டோடு. பாதமே குளிர்ந்திருப்பதால் பனிக்கட்டிக்குக் கொடுக்க அதனிடம் சூடு அதிகம் இல்லை. அதோடு ஒரு காலை மாற்றி ஒரு காலை வயிற்று இறகுக்குள் இழுத்துக்கொள்ளும். எந்தக் கால், எவ்வளவு நேரம் என்று எண்ணிப் பார்க்கலாம். குழந்தைகளுக்கு இந்த எண்ணும் வேலை மிகவும் பிடிக்கும்.

உட்காருவதன் குறையைச் சொல்லாமல் விடக்கூடாது. நமக்குக் குளிரும், அதுவும் எதிர்பார்த்ததைவிடச் சீக்கிரம். பெஞ்சின் பலகையும் கல்லும் உடம்புச் சூட்டை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். மடித்து எடுத்துப் போகும் ஒரு ஃபோம் அட்டை, விலை உயர்ந்த மேலாடையைவிட உதவும். கால்விரல் மரத்துப்போகத் தொடங்கினால் எழுந்துவிடுங்கள். நடுங்கும் கையில் பைனாகுலரும் நிற்காது. காற்று அடிக்கும் நாளிலும் உட்காராதீர்கள். அன்று பறவைகளும் திறந்த கரையை விட்டுக் காற்று படாத மறைவுக்குப் போய்விடும். நாமும் அந்தப் பக்கம் நடக்க வேண்டியதுதான். பட்டியலும் சிறிதாகத்தான் இருக்கும், எட்டுப் பத்து வகையைத் தாண்டாத நாட்களே அதிகம்.

பொதுமக்கள் சேர்ந்து செய்யும் பறவைக் கணக்கெடுப்புகள் சில இந்த வழிக்கு ஏற்றவை. பிரிட்டனில் 1979 முதல் ஒவ்வொரு ஜனவரிக் கடைசியிலும் நடக்கும் பிக் கார்டன் பேர்ட்வாட்ச், ஓரிடத்தில் ஒரு மணி நேரம் பார்க்கச் சொல்கிறது. தோட்டம் இல்லாதவர்கள் பூங்காவில் உட்கார்ந்தும் செய்யலாம். 1998ல் தொடங்கி இப்போது உலகம் முழுவதும் பிப்ரவரியில் நடக்கும் கிரேட் பேக்யார்ட் பேர்ட் கவுன்டுக்குப் பதினைந்து நிமிடம் போதும். பறவைகள் வருவதற்கே நாம் காத்திருக்கும் அதே பதினைந்து நிமிடம்தான். நான் அதை இரட்டிப்பாக்கச் சொல்வேன்.

குழுவோடு போவது

பெயர் தெரியாமல் தவிக்கும் முதல் குளிர்காலத்தில் இரண்டு மூன்று முறையாவது ஒரு குழுவோடு போய்விடுங்கள். நாமாகப் புத்தகத்தைப் புரட்டி ஒரு மாதத்தில் கற்பதை, தெரிந்தவர் ஒருவர் பக்கத்தில் நின்று "வாலின் ஓரத்தைப் பாருங்கள், வெள்ளை தெரிகிறதா?" என்று கேட்டு ஒரு காலையில் கற்றுக்கொடுத்துவிடுவார். குளிர்காலப் பறவைக் கணக்கெடுப்பு என்ற வழக்கமே ஆட்கள் சேர்ந்து செய்ததால் வளர்ந்தது. 1900 கிறிஸ்துமஸ் நாளுக்காக அமெரிக்கப் பறவையியலாளர் ஃபிராங்க் சாப்மன் ஓர் அழைப்பு விடுத்தார். அன்று பறவைகளைச் சுட்டு வேட்டையாடும் வழக்கத்துக்குப் பதிலாக அவற்றை எண்ணலாம் என்றார். 25 இடங்களில் 27 பேர் எண்ணினார்கள். அந்த இடங்களில் ஒன்று நியூயார்க்கின் சென்ட்ரல் பார்க், ஒரு நகரப் பூங்கா. அந்தக் கணக்கெடுப்பு இன்றும் ஒவ்வொரு வருடமும் நடக்கிறது.

ஆனால் பத்துப் பேர் சேர்ந்து நடந்தால் சத்தம் பத்து மடங்கு. வேகம் நம் கையில் இல்லை. எல்லோரும் அரிய பறவை ஒன்றைத் தேடி ஓடும்போது கண்ணெதிரே கிளி செய்வதைப் பார்க்க ஆள் இருக்காது. அரிய பறவை என்றாலே கூட்டம்தான். 2021 ஜனவரியில் அதே சென்ட்ரல் பார்க்கில் ஒரு பனி ஆந்தை வந்து இறங்கியது. நூறு வருடத்துக்கும் மேலாக அங்கே பதிவாகாத பறவை. செய்தி பரவியதும் நகரமே திரண்டு வந்தது. அந்த ஆர்வம் எனக்குப் புரிகிறது, நானாக இருந்தாலும் போயிருப்பேன். இருந்தாலும் பகலில் தூங்கும் ஓர் ஆந்தையின் மரம் தெரிந்துவிட்டால் அந்த இடத்தை ஊருக்கெல்லாம் அறிவிக்காமல் இருப்பதே அதற்கு நல்லது.

காலையா, மாலையா

இதில் நீண்ட விவாதம் வேண்டாம். சின்னப் பறவைகளுக்கு விடிந்த முதல் ஒரு மணி நேரம். உறைபனி நாளில் மட்டும் சற்றுத் தாமதமாகப் போங்கள். வெயில் பட்டு பூச்சிகள் அசையும் மரத்தின் கிழக்குப் பக்கம்தான் அன்று முதலில் உயிர் பெறும். வட்டமடிக்கும் பருந்துகளுக்கு நிலம் சூடேறிக் காற்று மேலெழ வேண்டும் என்பதால் முற்பகல் கடந்த பிறகுதான் வானம் களைகட்டும்.

மாலைக்கு ஒரே ஒரு காரணம், ஆனால் பெரிய காரணம்: அடையும் கூட்டம். குளிர்காலத்தில் காக்கைகளும் கிளிகளும் சோளக்குருவிகளும் நூறு நூறாக ஒரே இடத்துக்கு வந்து அடையும். லண்டன், பிரஸ்ஸல்ஸ், ஆம்ஸ்டர்டாம் போன்ற குளிர் நகரங்களின் பூங்காக்களிலும் இப்போது பச்சைக்கிளிகள் குடியேறி, மாலையில் கூட்டமாகப் பறந்து வந்து அடைகின்றன. சூரியன் மறைவதற்கு அரை மணி முன்னதாகப் போய், திறந்த வானம் தெரியும் இடத்தில் நின்றால் போதும். இதற்கு பைனாகுலர்கூட வேண்டாம்.

பைனாகுலரா, கேமராவா, செல்பேசியா

ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் பைனாகுலர். அதிலும் 8x42. முதல் எண் எத்தனை மடங்கு பெரிதாகக் காட்டும் என்பது, இரண்டாவது முன்கண்ணாடியின் விட்டம் மில்லிமீட்டரில். இரண்டாவதை முதலாவதால் வகுத்தால் கண்ணுக்குள் வரும் ஒளிவட்டத்தின் அளவு கிடைக்கும். 8x42க்கு அது 5.25 மில்லிமீட்டர், 10x42க்கு 4.2. மங்கிய குளிர்கால வெளிச்சத்தில் நம் கண்மணி விரிந்திருக்கும்போது அந்த ஒரு மில்லிமீட்டர் வித்தியாசம் நன்றாகவே தெரியும். பத்து மடங்கு வேண்டும் என்று ஆசைப்படுவது இயல்பு. ஆனால் அது கை நடுக்கத்தையும் பத்து மடங்காக்கும், பார்வைப் பரப்பையும் குறைக்கும். கிளைக்குக் கிளை தாவும் குருவியை 10xல் பிடிப்பதற்குள் அது போய்விடும். பெரிய ஏரி உள்ள பூங்காவில் தூரத்து வாத்துகளை மட்டுமே பார்ப்பவருக்குப் பத்து சரி. எடை தாங்காது என்பவர்கள் 8x32 எடுக்கலாம். விடியலிலும் அந்தியிலும் கொஞ்சம் மங்கும், மற்றபடி குறையில்லை. கண்ணருகே வைத்துக்கொண்டு மூச்சை மேல்நோக்கி விடாதீர்கள், கண்ணாடி ஆவி படிந்துவிடும். திரும்பிச் சூடான அறைக்குள் வந்ததும் உறையிலிருந்து உடனே எடுக்க வேண்டாம்.

கேமரா நல்லதுதான். ஆனால் கேமரா வைத்திருப்பவரின் காலை வேறு மாதிரிப் போகிறது. நெருங்கிப் போகச் சொல்லும், இன்னும் ஓரடி, இன்னும் ஓரடி என்று. குளிர்காலக் கணக்கை முன்பே சொன்னேன் இல்லையா, அந்த ஓரடிக்குப் பணம் கட்டுவது பறவை. உட்கார்ந்த இடத்திலிருந்து மட்டுமே படம் எடுப்பேன் என்று உறுதி இருந்தால் தாராளமாகக் கொண்டு போங்கள். கூடுதல் பேட்டரி ஒன்றை உள்சட்டைப் பையில் வையுங்கள், குளிரில் சீக்கிரம் இறங்கிவிடும்.

செல்பேசியில் மெர்லின் செயலி இருந்தால் போதும். கார்னெல் பறவையியல் ஆய்வகம் வெளியிடும் இலவசச் செயலி. 2021 முதல் குரலைக் கேட்டே பெயர் சொல்கிறது. குளிர்காலத்தில் பெரும்பாலான பறவைகள் பாட்டை நிறுத்திவிட்டுச் சின்னச் சின்ன அழைப்பொலி மட்டுமே எழுப்பும் என்பதால் அது சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்ளாமல், அந்தத் திசையில் தேடிக் கண்ணால் பார்த்து உறுதி செய்யுங்கள். பதிவு செய்த குரலைச் சத்தமாக ஒலிக்கவிட்டுப் பறவையை வரவழைப்பது மட்டும் வேண்டவே வேண்டாம். எதிரி வந்துவிட்டான் என்று நினைத்து அது இரை தேடுவதை விட்டுவிட்டு ஓடி வரும். ரொட்டித் துண்டு போடுவதும் அப்படித்தான்: வயிறு நிறையும், சத்து சேராது, மிஞ்சியது குளத்தைக் கெடுக்கும்.

பறவை அல்லாதவை

பாலூட்டிகளுக்காக என்றால் நடையே மேல். அணில் ஒவ்வொரு கொட்டையாகத் தனித்தனிக் குழியில் புதைக்கும், தோண்டும், மறுபடி புதைக்கும். அதைப் பார்க்கப் புல்வெளி ஓரமாக நடந்தால் போதும். நரி வாழும் ஐரோப்பிய நகரங்களில் அவற்றுக்கு இதுதான் இணை சேரும் காலம். மற்ற மாதங்களைவிட அதிகம் அலையும், விடியலில் கண்ணில் படவும் வாய்ப்பு அதிகம். எதுவும் கண்ணில் படாவிட்டால் தரையைப் பாருங்கள். பனியிலோ ஈரச் சேற்றிலோ அணில் தாவிப்போன தடத்தில் பெரிய பின்னங்கால் அடிகள் முன்னாலும், சின்ன முன்னங்கால் அடிகள் அவற்றுக்குப் பின்னாலும் விழுந்திருக்கும். முன்கால் ஊன்றி, பின்கால் அதைத் தாண்டி வந்து விழுவதால் அப்படி.

யாருக்கு எது

குழந்தையோடு போகிறவர்கள் நடங்கள், வாத்துகள் இருக்கும் இடத்தில் மட்டும் பத்து நிமிடம் நில்லுங்கள். முழங்கால் வலி உள்ளவர்களும், வாரம் முழுக்கச் சத்தத்தில் இருப்பவர்களும் உட்காருங்கள். பெயர்கள் கற்க வேண்டும் என்றால் குழு. பெரிய பூங்கா, குளம் இல்லை, மரங்கள் மட்டும் என்றால் உட்காருவதில் பலன் குறைவு. கலப்புக் கூட்டத்தைத் தேடி மெதுவாக நடப்பதே சரி. சின்னப் பூங்கா, நடுவில் ஒரு குளம் என்றால் யோசிக்கவே வேண்டாம், உட்காருங்கள்.

நாளைக் காலை முதல்முறையாகப் போகிறீர்கள், ஒன்றும் தெரியாது என்றால் இப்படிச் செய்யுங்கள். விடிந்து கொஞ்ச நேரத்தில் போய், சூரியனுக்கு முதுகு காட்டிக் குளக்கரையில் முக்கால் மணி நேரம் உட்காருங்கள். குளிர் ஏறியதும் எழுந்து, மரங்கள் அடர்ந்த பக்கமாக அரை மணி நேரம் மெல்ல நடங்கள். "ஸீ" என்ற ஒலி கேட்ட இடத்தில் நின்றுவிடுங்கள். வீட்டுக்குத் திரும்பும் வழியில் குளத்தைத் தூரத்திலிருந்தே ஒருமுறை எட்டிப் பாருங்கள். காலை முழுக்க வராத மீன்கொத்தி, நீங்கள் பார்த்துக்கொண்டிருந்த அதே கிளையில் இப்போது வந்து உட்கார்ந்திருக்கலாம். அது எந்தக் கிளை, மணி என்ன என்று குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த வாரம் அந்த நேரத்துக்கு அதன் எதிர்க்கரையில் உட்காரலாம்.